செதுக்கிச் சேர்த்த சொற்கள்

அரபு இலக்கணத்தில் 'நஹ்து' என்றொரு பகுதி உண்டு. நஹ்து என்பதற்குச் செதுக்குதல் என்பது பொருள். தச்சன் இரு மரத்துண்டுகளைச் செதுக்கி ஒன்றோடொன்று பொருத்துவது போல, ஒரு தொடரிலுள்ள சொற்களின் வேண்டாத பகுதிகளை நீக்கி, எஞ்சிய எழுத்துகளை இணைத்து ஒரே சொல்லாக ஆக்குவதே இம்முறை. பிஸ்மில்லாஹ் கூறுவதை 'பஸ்மலா' என்கிறோம். அல்ஹம்து லில்லாஹ் கூறுவதை 'ஹம்தலா' என்கிறோம். பாங்கில் ஒலிக்கும் 'ஹய்ய அலா' என்னும் அழைப்பு 'ஹய்அலா' ஆயிற்று. அரபு அகராதிக் கலைக்கு அடிகோலிய கலீல் இப்னு அஹ்மது, ஹிஜ்ரி 2ஆம் நூற்றாண்டிலேயே இவ்வகைச் சொல்லைத் தமது 'கிதாபுல் ஐன்' நூலில் எடுத்துக்காட்டிச் சென்றார். ஹிஜ்ரி 395இல் மறைந்த இப்னு ஃபாரிஸ் இன்னும் ஒருபடி மேலே சென்று, மூன்றெழுத்துக்கு மேற்பட்ட வேர்களுள் பெரும்பாலானவை இவ்வாறு செதுக்கப்பட்டவையே என்று கருதினார்.

தமிழோ செதுக்குவதில்லை, தொகுக்கிறது. உருபை மறைத்துச் சொற்களை அருகருகே நிறுத்துவதே தமிழின் வழி. தொல்காப்பியர் இத்தொகைகளை வேற்றுமை, உவமை, வினை, பண்பு, உம்மை, அன்மொழி என ஆறாக வகுத்தார். முப்பது ஆண்டுகளாக இந்த ஆறையும் மாணவர்க்குச் சொல்லிவரும் நமக்கு, அண்மையில் ஒரு புதுமையான மொழியின் இலக்கணத்தைக் கற்கும் வாய்ப்புக் கிட்டியது. அம்மொழியின் பெயர் லோஜ்பான். அது எந்த நாட்டாரும் தாய்ப்பாலோடு பருகிய மொழியன்று. அறிஞர் சிலர் அமர்ந்து திட்டமிட்டு ஆக்கிய மொழி. அதில் கூட்டுச்சொற்கள் உருவாகும் விதம் ஒருபுறம் அரபின் நஹ்தையும், மறுபுறம் தமிழின் தொகையையும் நினைவூட்டுவதாய் இருப்பதால், நம் வாசகர்களோடு அதனைப் பகிர்ந்துகொள்ள விழைந்தோம்.

முதலில் வரலாறு. அமெரிக்காவைச் சேர்ந்த ஜேம்ஸ் குக் பிரவுன் என்னும் அறிஞர், 1955ஆம் ஆண்டில் 'லோக்லான்' என்னும் மொழியை ஆக்கத் தொடங்கினார். ஒருவன் பேசும் மொழி அவன் சிந்தனையின் போக்கையே வகுத்துவிடுகிறதா என்னும் கேள்விக்கு விடைகாண, தருக்க முறைப்படி அமைந்த ஒரு மொழியைப் படைத்துச் சோதிக்க வேண்டும் என்பது அவர் நோக்கம். 1960இல் 'சயன்டிஃபிக் அமெரிக்கன்' ஏட்டில் அதுபற்றி எழுதினார். ஆண்டுகள் செல்ல, அம்மொழியின் சொற்களுக்கு உரிமை யாருடையது என்பதில் பிணக்கு மூண்டது. பிரிந்து சென்றோர் 1987இல் 'லாஜிக்கல் லாங்குவேஜ் குரூப்' என்னும் அமைப்பை நிறுவினர். இலக்கணத்தின் போக்கை வைத்துக்கொண்டு, சொற்களை எல்லாம் புதிதாக ஆக்கினர். அதுவே லோஜ்பான். லோக்லான் என்னும் பெயரைத் தனிச்சொத்தாக வைத்துக்கொள்ள முடியாது என்று 1992இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றமும் தீர்ப்பளித்தது. ஜான் கோவன் எழுதிய முழுமையான லோஜ்பான் இலக்கணம் 1997இல் நூலாக வெளிவந்தது.

இம்மொழியின் வேர்ச்சொற்கள் ஏறக்குறைய 1,350. இவற்றை 'கிஸ்மு' என்கின்றனர். சீனம், ஆங்கிலம், ஹிந்தி, ஸ்பானியம், ருஷ்யம், அரபு ஆகிய ஆறு மொழிகளின் சொற்களை எடுத்து, பேசுவோர் தொகைக்கேற்ப மதிப்பளித்து, அவற்றின் ஒலிகளைக் கலந்து இவ்வேர்கள் ஆக்கப்பட்டன. ஒவ்வொன்றும் ரோமன் எழுத்தில் சரியாக ஐந்து எழுத்து உடையது, உயிரிலேயே முடிவது. அரபின் மூன்றெழுத்து வேர்களைப் பயின்றவர்க்கு இவ்வொழுங்கு அந்நியமாகத் தோன்றாது. 'கெர்கு' என்றால் நாய். 'ஜ்தானி' என்றால் வீடு, கூடு. 'பங்கு' என்றால் மொழி. அரபைக் குறிக்கும் வேர் 'ஹ்ரபோ'. அதன் முதலொலி, கலீல் என்னும் பெயரை நாம் அரபு முறைப்படி உச்சரிக்கும்போது தொண்டையிலிருந்து எழுகிறதே, அதே ஒலிதான்.

இனி, இரு வேர்களை அருகருகே நிறுத்தினால் என்னாகும்? 'கெர்கு ஜ்தானி' எனலாம். இத்தகைய சேர்க்கைக்குத் 'தன்ரு' என்று பெயர். முன்வருவது அடை, பின்வருவது தலைச்சொல். தமிழருக்கு இது மிக இயல்பான வரிசை. அரபில் இது தலைகீழ். அங்கு இழாஃபத்தில் வீடு முன்னும் நாய் பின்னுமாக 'பைதுல் கல்பு' என்றே வரும். அவ்வழியிற் பழகியவர்க்காகவோ என்னவோ, லோஜ்பானில் 'ஷோ' என்னும் இடைச்சொல்லும் உண்டு. அதை இடையில் இட்டால், வரிசையை மாற்றித் தலைச்சொல்லை முன்னே கூறலாம்.

இதில் நோக்கத்தக்கது ஒன்று. தருக்க மொழி என்று பெயர் படைத்த இம்மொழி, தன்ருவின் பொருள் இன்னதுதான் என்று அறுதியிட மறுக்கிறது. கெர்கு ஜ்தானி நாய் வசிக்கும் வீடாகலாம்; நாயின் உருவில் கட்டிய வீடாகலாம்; நாய்கள் மிகுந்த மனிதரின் வீடாகவும் ஆகலாம். இரு பொருளுக்கும் ஏதோ ஓர் உறவு உண்டு என்பதே அங்கு உறுதி. எவ்வுறவு என்பதைக் கேட்போன் இடம்நோக்கி உணர வேண்டும். நம் தொகைநிலையும் இத்தகையதே. 'மண்குடம்' மண்ணாலாகிய குடம். 'தண்ணீர்க்குடம்' தண்ணீருக்கான குடம், அல்லது தண்ணீரை உடைய குடம். உருபு மறைந்திருக்கிறது, அறிவு அதை விரித்துக்கொள்கிறது.

பொருளுறவில் இவ்வளவு தாராளம் காட்டும் இம்மொழி, எச்சொல் எச்சொல்லோடு சேர்கிறது என்பதில் மட்டும் அணுவளவும் நெகிழ்வதில்லை. 'ஷ்மலு' சிறியது, 'நிஹ்லி' சிறுமி, 'ஷ்குலே' பள்ளி. 'ஷ்மலு நிஹ்லி ஷ்குலே' என்றால் முதலிரண்டும் முதலில் இணையும். ஆகவே சின்னஞ்சிறு பெண்களின் பள்ளி. சிறிய கட்டடத்தில் நடக்கும் பெண்கள் பள்ளியைச் சொல்ல விரும்பினால், பின்னிரண்டுக்கும் நடுவே 'போ' என்னும் முடிச்சை இட வேண்டும். மூன்று சொல் நின்றால் இரண்டு வகையாகவும், நான்கு சொல் நின்றால் ஐந்து வகையாகவும் கூட்டிப் பிரிக்கலாம் என்பது கணக்கு. லோஜ்பான் அவற்றுள் எது என்பதைச் சொல்லாமற் சொல்ல இடந்தருவதில்லை.

இது வெறும் புலவர் விளையாட்டன்று என்பதற்கு நாம் கண்ட ஒன்றைச் சொல்ல வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் பங்காளிகள் இருவர் ஒரு பழைய உடன்பாட்டுத் தாளை எடுத்துக்கொண்டு நம்மிடம் வந்தனர். அவர்களின் தந்தையர் உடன்பிறந்தோர். தமக்குள் சொத்தைப் பிரித்துக்கொண்டபோது எழுதிய தாள் அது. சர்வே எண் இல்லை, எல்லை இல்லை; 'பெரிய வீட்டுத் தோப்பு மூத்தவர் பங்கு' என்ற ஒரு வரியே இருந்தது. குடும்பத்துக்கு இரு தோப்புகள். ஒன்று, 'பெரிய வீடு' என்று தெருவார் அழைக்கும் பூர்வீக வீட்டின் கொல்லையை ஒட்டியது, சிறியது. மற்றது வாய்க்காலோரம் இருப்பது, பரந்தது. மூத்தவரின் மகன், 'வீட்டுத் தோப்புகளுள் பெரியது' என்று அதனை வாசித்தார். இளையவரின் மகன், 'பெரிய வீட்டைச் சேர்ந்த தோப்பு' என்று வாசித்தார். இரண்டாண்டுகளாக அவர்களுக்குள் ஸலாம் இல்லை. ஒருவர் வீட்டுக் கல்யாணத்துக்கு மற்றவர் செல்லவில்லை.

இலக்கணம் தெரிந்தவர் தீர்த்துவைப்பார் என்று நம்பியே வந்தனர். நாமோ இலக்கணப்படி இரண்டும் செல்லும் என்றே சொன்னோம். அடைமொழி வீட்டைத் தழுவுகிறதா, தோப்பைத் தழுவுகிறதா என்பதை அந்த எழுத்து காட்டவில்லை. ஒற்று மிகுந்திருப்பதும் அதற்கு விடையன்று. ஆதலால் எழுதியவர்கள் வாழ்நாளில் எப்படிப் பேசினார்கள் என்று அறிந்தோர் உண்டா எனக் கேட்டோம். இருவருக்கும் மாமி முறையான மூதாட்டி ஒருவர் அப்போது உயிரோடிருந்தார். அவரிடம் சென்றோம்.

"காக்காமார் ரெண்டு பேரும் வாய்க்கால் தோப்பை வாய்க்கால் தோப்புன்னுதான் வாப்பா சொல்லுவாங்க. பெரிய வீட்டுத் தோப்புன்னா கொல்லைப்புறத்துத் தோப்புத்தான். இதுக்கா இத்தனை நாளா மூஞ்சியைத் திருப்பிக்கிட்டு நிக்கிறீங்க?" என்றார் அவர்.

மூத்தவரின் மகன் அன்று ஒன்றும் பேசாமல் எழுந்து சென்றார். அவருக்குப் பெருந்தோப்புக் கைநழுவியது; அவ்வருத்தம் எளிதன்று. மூன்றாம் நாள் தாமே வந்து, எண்ணும் எல்லையும் குறித்துப் புதிய பத்திரம் எழுதச் சம்மதித்தார். 'போ' என்னும் ஓரசைச் சொல் நம்மிடம் இருந்திருந்தால், இரண்டாண்டுப் பகை எழுந்திராது என்று இப்போது எண்ணிக்கொள்கிறோம்.

மீண்டும் கூட்டுச்சொல்லுக்கு வருவோம். தன்ருவைத் தளர்ந்த தொடராக விடாமல், ஒரே சொல்லாகப் பிணைத்து, பொருளையும் ஒன்றாக உறுதிசெய்தால் அது 'லுஜ்வோ' எனப்படும். இங்கேதான் செதுக்குதல் வருகிறது. பெரும்பான்மை வேர்களுக்கும் மூவெழுத்தளவான சிறு துண்டுகள் முன்னதாகவே வரையறுக்கப்பட்டுள்ளன. அவற்றுக்கு 'ரஃப்ஸி' என்று பெயர். கெர்குவின் துண்டு 'கெர்'. ஜ்தானியின் துண்டு 'ஜ்தா'. இணைத்தால் 'கெர்ஜ்தா'. இப்போது இது நாய் வசிக்கும் வீடே. நாயின் உருவில் அமைந்த வீடு ஆகாது. வீடு, அதில் வசிக்கும் நாய், அந்நாயின் இனம் என அச்சொல்லுக்குரிய இடங்களும் வரிசைப்படுத்தப்பட்டுள்ளன.

அரபின் நஹ்துக்கும் இதற்கும் உள்ள வேற்றுமை காண்க. பஸ்மலாவைக் கேட்ட மாத்திரத்தில் அதன் மூலம் இதுவென நாம் அறிவது, அத்தொடர் நம் நாவில் ஊறியிருப்பதால். அறியாத ஒருவனுக்கு அது விளங்காது. செதுக்கிய துண்டு எச்சொல்லினது என்று காட்டும் சட்டம் ஏதுமில்லை. தொடக்ககால லோக்லானிலும் இதே குறை இருந்தது. கூட்டுச்சொற்களைக் காதுக்கு இனிதாக எப்படியெல்லாமோ வெட்டி ஒட்டினர். கற்போரால் அவற்றை மீட்டுப் பிரிக்க இயலவில்லை. 1970களின் இறுதியிலும் 1980களின் தொடக்கத்திலும் அதன் சொல்லமைப்பையே மாற்றியமைத்து, ஒவ்வொரு துண்டும் ஒரே வேருக்கு உரியது என்ற விதியை நிலைநாட்டினர். லோஜ்பான் அவ்விதியை ஏற்றுக்கொண்டது. ஆதலின் ஒரு லுஜ்வோவை முதன்முதலாகக் கேட்பவனும் அதைப் பிரித்து, அகராதி இன்றியே அதன் உறுப்புகளை அறியலாம்.

துண்டுகள் சந்திக்கும் இடத்தில் புணர்ச்சி விதிகளும் உள. 'அரபு மொழி' என்பதைச் சொல்ல, ஹ்ரபோவின் துண்டாகிய 'ரப்', பங்குவின் துண்டாகிய 'பௌ' இரண்டையும் சேர்க்க வேண்டும். ஒரே மெய் அடுத்தடுத்து வருவதை லோஜ்பான் பொறுப்பதில்லை. தமிழோ வலிந்து ஒற்றை மிகுவிக்கும். அரபோ ஷத்திட்டு இத்காம் செய்யும். லோஜ்பான் மட்டும் இரண்டுக்கும் இடையே, நம் குற்றியலுகரத்தைப் போல் ஒலி குறைந்த ஓர் அரையுயிரைச் செருகிப் பிரித்துவைக்கும். நம் உடம்படுமெய் இரண்டு உயிர்களைப் பிணைக்கிறது. அவர்களின் இந்த உடம்படுஉயிர் இரண்டு மெய்களைப் பிணைக்கிறது.

பிறிதொரு விதி இன்னும் சுவையானது. 'சொன்ஷி' போர்வீரன், 'சன்மி' உணவு. இரண்டின் துண்டுகளும் 'சொய்', 'சை'. வாளா சேர்த்தால், கேட்போன் அதனை இரு தனி இடைச்சொற்களாகக் கொண்டுவிடுவான். அதனால் நடுவே ஒரு ரகரத்தை ஆணி போல் அடித்துச் 'சொய்ர்சை' என்கின்றனர். போர்க்களத்து உணவு என்பது பொருள். இவ்வாறே, 'தொஸ்மப்ரு' என்றொரு வடிவத்தைச் சோதனைக்கு எடுத்துக்காட்டுவர். அது 'தொ' என்றும் 'ஸ்மப்ரு' என்றும் உடைந்து கேட்கக்கூடும். ஆகவே அங்கும் அரையுயிர் வேண்டும். ஒவ்வொரு புதுச்சொல்லையும் இச்சோதனையில் நிறுத்திப் பார்த்தே அவைக்கு அனுப்புகின்றனர். எழுத்தில் இடைவெளி விட்டால் போதாது, காதிலும் சொல்லின் எல்லை தெரிய வேண்டும் என்பது அவர்களின் கொள்கை. தஜ்வீதில் வக்ஃபு செய்யும் இடத்தைக் கற்பித்துப் பழகியவர்க்கு இதன் அருமை உடனே விளங்கும்.

ஒரே இணைக்குப் பல வடிவங்கள் பொருந்துமாயின் எதைக் கொள்வது? அதற்கும் ஒரு கணக்கு வகுத்துள்ளனர். எழுத்து ஒன்றுக்கு 1,000 புள்ளி. செருகிய இணைப்பொலிக்கு 100 கூடும். துண்டின் வகைக்கும் உயிரின் எண்ணிக்கைக்கும் ஏற்பச் சிறிது கழியும். நாய்வீட்டுக்கு ஆறு வடிவங்கள் உண்டு. 'கெர்ஜ்தா' 5,878 புள்ளி. 'கெர்ஜ்தானி' 7,917 புள்ளி. அரையுயிர் இட்ட நீள்வடிவம் ஒன்று 8,008 புள்ளி. குறைந்த புள்ளி பெற்றதே அகராதியில் தலைமை பெறும். மற்றவை பிழையல்ல, பொருளும் மாறாது. சொல்லழகைத் தராசிலிட்டு நிறுப்பதா என்று தமிழ்ப் புலவர் முகஞ்சுளிக்கக்கூடும். எனினும் யார் பெரியவர் என்னும் வாதமின்றிச் சொல்லைத் தேர்வதற்கு அது ஒரு வழி.

எதிர்மறைக்கும் நுட்பமான முன்னொட்டுகள் உள. 'மெல்பி' அழகியது, அதன் துண்டு 'ம்லெ'. 'நல்' என்பதை முன்வைத்தால், 'அழகியதல்லாத வேறொன்று' என்று மட்டுமே பொருள். 'நொர்' வைத்தால் அழகுமன்று, அழகின்மையுமன்று, நடுநிலை. 'தொல்' வைத்துத் 'தொல்ம்லெ' என்றால், நேர் எதிரான அவலட்சணம். நாம் 'அவன் நல்லவனல்லன்' என்று ஒருவனைப் பற்றிச் சொல்லும்போது, இம்மூன்றில் எதனைக் கருதிச் சொல்கிறோம்? பெரும்பாலும் மூன்றாவதைக் கருதி, கேள்வி எழுந்தால் முதலாவதில் ஒளிந்துகொள்கிறோம். புறம்பேசுவோர்க்குப் புகலிடமாக விளங்கும் இவ்விடைவெளியை அம்மொழி மூன்று கதவுகளிட்டு அடைத்திருக்கிறது.

அதற்கு இயலாதனவும் உண்டு. அன்மொழித்தொகை அங்கு எளிதில் அமையாது. லுஜ்வோ எதுவாயினும் தன் கடைசி உறுப்பின் இனத்தைச் சேர்ந்ததாகவே இருத்தல் வேண்டும். 'பொற்றொடி' என்று தொடியைச் சொல்லித் தொடியணிந்தாளைக் குறிக்கும் நயம், 'உடையவள்' என்னும் பொருள்தரும் உறுப்பையும் சேர்த்தாலன்றி ஆங்குச் செல்லாது. உருவகமாகச் சொல்லும்போதும் 'பெஹ' என்னும் ஓர் இடைச்சொல்லை இட்டு, 'இது உருவகம்' என்று அறிவிக்கும் வழக்கம் உண்டு. கவிஞன் வாயில் இது எவ்வளவு தூரம் இனிக்கும் என்பதில் நமக்கு ஐயமே.

மொழிபெயர்ப்போர் அனைவரும் அறியத்தக்க லுஜ்வோ ஒன்றும் உண்டு. 'மல்க்லிஷோ' என்பது அது. ஆங்கிலத்தைக் குறிக்கும் வேரோடு இழிவுப்பொருள் தரும் துண்டைச் சேர்த்து ஆக்கியது. ஆங்கில மரபை அப்படியே தூக்கிவந்து லோஜ்பானில் திணிப்பவனை அவர்கள் இச்சொல்லால் கண்டிக்கின்றனர். ஆங்கிலம் பேசும் அமெரிக்கரே தம் தாய்மொழியின் ஊடுருவலைத் தடுக்க இப்படியொரு சொல்லை ஆக்கிக்கொண்டனர். பிறமொழி நூல்களைத் தமிழாக்கும் நாமும், அரபின் வாக்கிய அடுக்கையோ ஆங்கிலத்தின் அடுக்கையோ தமிழின் மீது ஏற்றும் போதெல்லாம் இச்சொல்லை நினைத்துக்கொள்ளலாம்.

தமிழுக்கு அம்மொழியில் வேர் கிடையாது. பேசுவோர் தொகையில் முன்னிற்கும் சில மொழிகளுக்கே வேர் வழங்கினர். உர்தூவுக்கு உண்டு, வங்காளத்துக்கு உண்டு. வேரில்லாதவற்றை, இனத்தைக் காட்டும் துண்டை முன்வைத்து, ஒரு ரகரத்தால் பிணைத்துக் கடன்வாங்குகின்றனர். உணவைக் குறிக்கும் துண்டோடு சேர்த்து, இத்தாலியரின் ஸ்பகெட்டிக்கு ஒரு சொல் அவ்வாறே அமைந்தது. அவ்வழியில் தமிழைப் 'பங்க்ர்தமிலி' எனலாம். ழகரம் அங்கும் பிழைக்கவில்லை!

இம்மொழியை நம் வாசகர்கள் கற்க வேண்டும் என்று நாம் பரிந்துரைக்கவில்லை. கற்றுப் பேசுவோர் உலகெங்கும் மிகச் சிலரே. ஆயினும் அதன் இலக்கணம் ஒரு நல்ல பழக்கத்தைத் தருகிறது. கூட்டுச்சொல் ஒன்றைக் கண்டால், எது எதனைத் தழுவி நிற்கிறது, இடையே மறைந்திருப்பது எவ்வுறவு என்று கேட்கும் பழக்கம் அது. இப்போது வகுப்பில் தொகைநிலையை நடத்தும்போது, மாணவர் வீட்டில் அன்றாடம் வழங்கும் சொற்களையே எடுத்துவரச் சொல்கிறோம். நோன்புக்கஞ்சி, தொழுகைப்பாய், பெருநாட்காசு, சின்னப் பள்ளிவாசல் தெரு என்று கொண்டுவருகின்றனர். நோன்புக்கஞ்சி நோன்பு திறப்பதற்கான கஞ்சி. தொழுகைப்பாய் தொழுவதற்கான பாய். பெருநாட்காசு பெருநாளில் தரும் காசு. சென்ற வாரம் ஒரு சிறுவன் எழுந்து, சின்னப் பள்ளிவாசல் தெருவில் சின்னது பள்ளிவாசலா, தெருவா என்று கேட்டான். அளந்து பார்த்துவிட்டு வந்து சொல் என்றோம். மறுநாள் வந்தான். பள்ளிவாசல் இடித்துக் கட்டியபின் பெரிதாகிவிட்டது, தெருதான் இப்போது சின்னது, ஆனால் பெயர் பள்ளிவாசலுக்குத்தான் வைத்தது என்று தன் பாட்டனார் சொன்னதாகச் சொன்னான்.